பெரிய வண்டிக்கு உத்தரவில்லை

காங்கேயத்துக்குத் தெற்கே தேங்காய்க் களம் வைத்திருக்கும் சுப்பண்ணன் வீட்டில் ஒரு வாரமாக யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. காரணம் ஒரு வண்டி. அதுவும் இன்னும் வாசலுக்கே வராத வண்டி.

மகன் கிருபாசங்கர் கோவையில் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அப்பா ஓட்டித் தேய்த்த நூறு சிசி வண்டியைத்தான் இன்றுவரை ஓட்டுகிறான். அதை மாற்றித் தொலைக்கலாம் என்பதில் வீட்டில் ஒருவருக்கும் மறுப்பில்லை. சுப்பண்ணன் நூற்றைம்பது சிசியில் ஒரு வண்டி பார்த்து, கலர் முதற்கொண்டு முடிவு செய்து வைத்திருந்தார். பையனோ நானூறு சிசி ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றைத் தன் சம்பளத்தில், தன் பேரில் வாங்கி, நம்பர் பிளேட்டும் மாட்டி, அவினாசி ரோட்டு ஷோரூமில் நிறுத்திவிட்டுத்தான் வீட்டில் வாயைத் திறந்தான்.

அதன் பிறகு நடந்த சண்டையை மறுபடி எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்கப் போவதில்லை. அம்மா கீதா சொன்ன யோசனையில் போன வாரம் வந்து நின்றோம். அமாவாசையன்று குலதெய்வம் கோயிலில் பூக்கேட்பது. வெள்ளைப் பூ வந்தால் பெரிய வண்டி. சிவப்பு வந்தால் அதை யாராவது சிநேகிதனுக்குத் தள்ளிவிட்டு அப்பா சொன்ன வண்டி.

கிருபா சரி என்றுவிட்டான். இருபத்தேழு வயதுப் பையன், சொந்தச் சம்பாத்தியம், எதற்கு ஒத்துக்கொண்டான் என்று எரிச்சல்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அவனை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

இன்று அந்த அமாவாசை. களத்தில் ஆட்கள் இல்லை. கோயிலுக்குக் கிளம்பும் முன் சுப்பண்ணன் வாசலில் நின்ற பழைய வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இந்த வண்டில நானு தேங்காப் பருப்பு மூட்டையே போட்டுட்டுப் போயிருக்கறேன். ஒரு நாளும் நடுரோட்டுல நின்னதில்ல."

"அதனாலதானுங்கப்பா இப்ப மூச்சு வாங்குது."

"அதுக்குத்தான் நூத்தம்பது எடுத்துக்கன்னு சொல்றேன். முன்னால சாமான் வெக்கலாம், பின்னால ஆள் உக்காரலாம். உன்ற வண்டில பின்னால என்ன இருக்குது? கையகலத்துக்கு ஒரு சீட்டு, அதையும் மேல தூக்கி வெச்சிருக்கறான். அதுல ஆரு உக்காருவா?"

"யாரும் உக்கார வேண்டாமுங்கப்பா."

சுப்பண்ணனுக்குச் சுருக்கென்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரில் போய் ஏறிக்கொண்டார்.

கார் புவனாவுடையது. புவனா கிருபாவுக்கு அக்கா, அன்னூரில் வாழ்க்கைப்பட்டவள். முந்தின நாளே வந்துவிட்டாள். சும்மா வரவில்லை. அவள் புகுந்த வீட்டுச் சொந்தத்தில் ஒரு பெண்ணின் ஜாதகம் கிருபாவுக்குப் பொருந்தியிருந்தது. இந்தப் பக்கத்தில் பையனைப் பெற்றவர்கள் பெண் கிடைக்காமல் படுகிற பாடு ஊரறிந்த கதை. பெண் வீட்டார் எந்த நாளிலும் ஊருக்குள் வந்து விசாரிப்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், பால் சொசைட்டியில் கேட்பார்கள். பையன் ரேஸ் வண்டி வைத்திருக்கிறானாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஜாதகம் திரும்பி வந்துவிடும். வண்டிச் சண்டையின் அடியில் கிடந்த விஷயம் இதுதான்.

"தம்பி, காருலயே வந்துரு" என்றாள் புவனா.

"இல்லீங்க்கா. நான் இதுலயே வாரேன்."

கோயில் ஊருக்கு வெளியே, வேலங்காட்டின் நடுவில் இருக்கிறது. செல்லாண்டியம்மன். சுப்பண்ணன் குடும்பத்தில் கிணறு வெட்டினாலும் கல்யாணம் பேசினாலும் இவளைக் கேட்காமல் செய்ததில்லை. பூக்கேட்பதில் பெரிய மந்திரம் ஒன்றும் கிடையாது. பூவரச இலையில் அரளிப் பூவை வைத்து, வாழைநாரால் கட்டி, இரண்டு பொட்டலம் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. பூசாரி அம்மன் காலடியில் உருட்டிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். மற்றதை யாரும் பிரிக்கக் கூடாது. கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

பூசாரி எடுத்தார், பிரித்தார்.

சிவப்பு.

கீதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுப்பண்ணன் முகத்தில் வந்த நிம்மதியை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை.

"அம்மன் சொல்லிப்போட்டா" என்றார். "இனி அதைப் பத்திப் பேச்செடுக்கக் கூடாது."

"ஆகட்டுங்கப்பா."

கிருபா அவ்வளவுதான் சொன்னான். பூசாரி தட்டில் வைத்துக் கொடுத்த மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கிணற்றடிக்கு நடந்தான்.

இந்தக் கிணற்றுக்கு அவன் புதியவன் இல்லை. பழைய வாசகர்களுக்கு யுவஸ்ரீயை நினைவிருக்கும். புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அவனோடு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தவள். வாத்தியார் பிரான்சிஸின் மகள். பிரான்சிஸின் அப்பா ஒரு காலத்தில் சுப்பண்ணன் வீட்டுக் களத்தில் தேங்காய் உடைத்தவர். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மூன்று வருடம் முன்பு கிருபா அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது வீட்டில் யாரும் அடிக்கவில்லை, விஷம் குடிப்பேன் என்று மிரட்டவில்லை. பூக்கேட்போம் என்றார்கள். சிவப்பு வந்தது. அன்றும் மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இதே கிணற்றில் போட்டான். மறுநாள் யுவஸ்ரீயிடம் போய்ச் சொன்னான். "உங்க அம்மனுக்கு என்னைத் தெரியுமா கிருபா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

அதன் பிறகு அவன் வீட்டில் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்டது ஒரு வண்டி. அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

பொட்டலத்தைக் கிணற்றுக்கு மேல் நீட்டியவனுக்குப் போடக் கை வரவில்லை. அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. தவறிப்போனது எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று பார்க்கிற அற்ப ஆசைதான், வேறொன்றுமில்லை. நாரைப் பிரித்தான்.

உள்ளே இருந்ததும் சிவப்பு.

இலையைத் திருப்பிப் பார்த்தான். பூவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். சிவப்பு எத்தனை முறை பார்த்தாலும் சிவப்புதான். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பூசாரி பார்க்க வெறும் இலையைக் கிணற்றில் போட்டான்.

மதியம் வீட்டில் அமாவாசைச் சாப்பாடு. காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்து அப்பாவும் பிள்ளையும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். கீதா சாம்பார் ஊற்ற வந்தாள். கிருபா பையிலிருந்த பூவை எடுத்து இலையோரம் வைத்தான்.

"இது கெணத்துல போட வேண்டியதுங்கம்மா."

கீதாவுக்குப் பொய் சொல்லத் தெரியும், சாதிக்கத் தெரியாது. மகன் முகத்தைப் பார்த்ததும் மளமளவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"ஆமா கண்ணு. வெச்சேன். நாந்தான் வெச்சேன். அந்த வண்டிய எடுத்துட்டு நீ ரோட்டுல போறதை நெனச்சா எனக்குத் தூக்கமே வாரதில்ல. அன்னூர்க்காரங்க காதுல உழுந்தா இந்த இடமும் போயிரும். உனக்கு வயசாகுது சாமி. ஒரு கல்யாணத்தைப் பாத்துப்போட்டா..."

"அப்பாவுக்குத் தெரியுங்களா?"

சுப்பண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "தெரியும். அதுக்கென்ன இப்போ? ஒரு வண்டிக்கு எதுக்கு இத்தனை ரகளை?"

கிருபா அவரைப் பார்க்கவில்லை. அவன் மனது வண்டியை விட்டு எப்போதோ போய்விட்டிருந்தது. கோயிலிலிருந்து வருகிற வழி முழுக்க ஒரே கேள்விதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாகவும் இருந்தது. கேட்டுவிட்டான்.

"யுவஸ்ரீக்குப் பூக்கேட்டமே. அன்னிக்கும் இப்படித்தானுங்களாம்மா?"

"ஐயோ, இல்ல சாமி!" கீதா பதறிப்போய்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "அந்த அம்மன் மேல ஆணையா இல்ல. அன்னிக்கு நானு ஊட்டுக்குத் தூரம். பூவைத் தொடவே இல்ல, கோயிலுக்கே வரல. உனக்கு ஞாபகமில்லியா? புவனாதான் பொட்டலம் கட்டுனா."

"இன்னிக்கு ரெண்டுலயும் செவப்பு வெக்கத் தெரிஞ்ச கைக்கு அன்னிக்குத் தெரியாமப் போயிருக்குமுங்களா?" என்றான் கிருபா.

"எனக்கேது கண்ணு அந்தப் புத்தி? எனக்குத் தோணவே இல்ல. ரெண்டுலயும் செவப்பே வெச்சுப்போடுங்கம்மா, பொறவு ஆரு பிரிச்சுப் பாக்கப்போறாங்கன்னு புவனாதான் போன்ல..."

கீதா பேச்சை அங்கேயே நிறுத்தினாள். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் எட்டியது. மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள்.

புவனா ரசப் பாத்திரத்தோடு சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"உனக்கு எப்படி அம்மணி அது தெரிஞ்சுது?" என்றாள் கீதா. "ஆரும் பிரிச்சுப் பாக்கமாட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

புவனா அழவில்லை. அவள் அம்மா மாதிரி இல்லை.

"எனக்கு அப்பத்தான் நிச்சயம் முடிஞ்சிருந்துச்சு" என்றாள். "இவன் அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வந்திருந்தான்னா அன்னூர்ல தட்டைத் திருப்பி அனுப்பிச்சிருப்பாங்க. வெள்ளை வந்துருச்சுன்னா என்ற கதி என்னன்னு எனக்குத்தான் தெரியும். எனக்கொரு வாழ்க்கை வேண்டாமா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க்கா" என்றான் கிருபா. "உங்களுக்காக விட்டிருப்பேன்."

"விட்டிருக்கமாட்டே தம்பி."

அவனுக்கும் அது நிச்சயமில்லை. விட்டிருப்பானோ, யுவஸ்ரீயை இழுத்துக்கொண்டு ஊரைவிட்டே போயிருப்பானோ. அதைத் தெரிந்துகொள்கிற வாய்ப்பைக்கூட யாரும் அவனுக்குத் தரவில்லை. அக்கா மேல் அவனுக்கு வந்தது கோபம் என்று சொல்ல முடியாது. அருவருப்பு. தன் மேலும் சேர்த்துத்தான்.

சுப்பண்ணன் இலையை மூடினார்.

"முடிஞ்சுபோனதைக் கெளறிட்டு உக்காராதீங்க. சாமி சொல்லாட்டிப் போச்சாது, நாங்க சொல்றோம். அன்னிக்கு அந்தப் புள்ளையும் வேண்டாம், இன்னிக்கு இந்த வண்டியும் வேண்டாம். அவ்வளவுதான்."

"அதையே அன்னிக்கு நீங்க உங்க வாயால சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேனுங்கப்பா." கிருபாவின் குரல் உடைந்துவிட்டது. "சாமிகிட்ட எப்படிங்க சண்டை போடறது?"

அவன் கை கழுவிவிட்டு வந்து பழைய வண்டியை எடுத்தான். கீதா வாசல்வரை ஓடிவந்து கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

ஷோரூமில் அவனுக்கும் வண்டிக்கும் மாலை போட்டார்கள். பெரிய அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள்.

"ஃபேமிலி வரலீங்களா சார்? எல்லாரும் சேர்ந்து நின்னா போட்டோ நல்லா இருக்கும்" என்றாள் அங்கிருந்த பெண்.

"இல்லீங்க. நான் மட்டுந்தான்."

பழைய வண்டியை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அங்கேயே ஓரமாக நிறுத்தினான். புது வண்டியில் ஏறி உட்கார்ந்தான். முன்னால் குனிந்து உட்கார வேண்டிய வண்டி. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சத்தத்தை எத்தனை வீடியோவில், எத்தனை ராத்திரி இயர்போன் வைத்துக் கேட்டிருப்பான். இப்போது காலுக்கு நடுவில் நிஜமாகக் கேட்கிறது, அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

சிங்காநல்லூரில் சிக்னல், ஒண்டிப்புதூரில் பஸ், சூலூரில் லாரி. நானூறு சிசியும் லாரிக்குப் பின்னால் உறுமிக்கொண்டு நின்றது. சூலூர் தாண்டி ரோடு விட்டதும் கொஞ்சம் முறுக்கினான். வண்டி அவனை விட்டுவிட்டு முன்னால் பாய்வது போலப் பாய்ந்தது. பயத்தில் உடம்பு வியர்த்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று அவனுக்கே தெரிந்தது. சந்தோஷம்தான் வரவில்லை. யுவஸ்ரீக்காக நின்று கேட்க முடியாமல் போனதால்தான் வண்டியைக் கேட்டோம் என்பது அந்த ரோட்டில் அவனுக்குப் பளிச்சென்று விளங்கியது. இத்தனை பணத்தைக் கொட்டி வாங்கிய பிறகு விளங்கி என்ன பிரயோஜனம்.

பல்லடத்தில் நேராகக் காங்கேயம் ரோட்டில் போயிருக்க வேண்டும். போகவில்லை. இடது பக்கம் திரும்பி, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் பிரான்சிஸ் வாத்தியார் வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். யுவஸ்ரீ இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாளா, கல்யாணமாகிவிட்டதா, ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தான்.

வாசல் கூட்டிக் கோலம் போட்டிருந்தது. பிரான்சிஸ் வெள்ளை வேட்டி சட்டையில் வெளியே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க தம்பி, இந்தப் பக்கம்?" மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே வா என்று சொல்லவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்குப் பாப்பாவைப் பாக்க வாராங்க. வாரவங்க கண்ணுல நீங்க பட வேண்டாம். வண்டிய மட்டும் கொஞ்சம் அக்கட்டால நிறுத்திக்குங்க."

அவனுடைய வண்டி வாசலில் நின்றால் பெண்ணுக்கு வருகிற இடம் கெட்டுவிடும் என்கிறார். காலையிலிருந்து இதே பேச்சைத்தான் தன் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தான். கிருபாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறேனுங்க ஐயா."

பிரான்சிஸ் பதில் சொல்லுமுன் யுவஸ்ரீயே வாசலுக்கு வந்துவிட்டாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள். முன்பெல்லாம் நீ, வா, போ என்பாள்.

"அன்னிக்குச் சாமி வேண்டாம்னு சொல்லல யுவா. ரெண்டு பொட்டலத்துலயும் எங்கக்கா செவப்புப் பூ வெச்சுட்டா. இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அவள் அதிர்ச்சியடைவாள், அழுவாள், ஒருவேளை அவன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

"சாமி சொல்லலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியுங்க" என்றாள். "இதைச் சொல்றதுக்கா இத்தனை தூரம் வந்தீங்க?"

"நான் ஏமாந்துட்டேன் யுவா."

"உங்கக்கா பூவை மாத்துனாங்க. சரி. நீங்க என்ன பண்ணுனீங்க? என்னைக் கட்டிக்கலாமா வேண்டாமான்னு கேக்கப் போனீங்க. வெள்ளைப் பூ வந்திருந்தா கட்டியிருப்பீங்க. அப்ப எனக்காக நீங்க என்ன செஞ்சதா அர்த்தம்?" அவள் குரல் உயரவே இல்லை. "உங்கக்கா மேல எனக்குக் கோவமில்ல. அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது."

கிருபாவிடம் இருந்த ஒரே சாக்கு புவனாதான், அதை இவள் இப்படி எடுத்துத் தள்ளிவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பதுதான் அவனைக் கொன்றது.

தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"தம்பி, வண்டி..." என்றார் பிரான்சிஸ்.

கிருபா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான். கனம். தெருவோ சரிவு. முதல் நாள் வண்டி, கைக்குப் பழகவில்லை. அரை அடி நகர்ந்து நின்றுகொண்டது. அதற்குள் ஒரு நூற்றைம்பது சிசி வண்டி பக்கத்தில் வந்து நின்றது. புதுச் சட்டை போட்ட ஓர் ஆள் இறங்கினான். காருக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் வந்திருக்கிறான்; கார் பின்னால் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பிரான்சிஸ் கைகூப்பிய விதத்திலேயே அவன்தான் மாப்பிள்ளைப் பையன் என்று தெரிந்தது.

"இருங்க, நானும் ஒரு கை புடிக்கறேன்" என்று அவனாகவே வந்து முன்பக்கம் பிடித்துத் தள்ளினான். வண்டி நேராகி நின்றது. அவன் கையை எடுக்கவில்லை. டேங்கை ஒரு முறை தடவிப் பார்த்தான்.

"உங்க வண்டிங்களா? இன்னிக்குத்தான் எடுத்திருக்கறாப்பல இருக்குது, மாலை வாடக்கூட இல்ல."

"ஆமாங்க."

"எனக்கும் இதும்மேல நெம்ப நாளா ஒரு கண்ணுங்க. ஊட்டுல ஒத்துக்கவே இல்ல. அப்பா அம்மா சொல்றதை மீற முடியுங்களா? கடைசில இதை வாங்கிக் குடுத்துட்டாங்க." தன் வண்டியைக் காட்டிக் கள்ளமில்லாமல் சிரித்தான். "ஆசைப்பட்டதைக் கேட்டு வாங்குனீங்க பாருங்க. குடுத்து வெச்சவருங்க நீங்க."

மீற முடியுங்களா என்று அவன் கேட்டது வாசலில் நின்ற யுவஸ்ரீயின் காதிலும் விழுந்தது. கார் வந்து நின்று, ஆட்கள் இறங்கி, பிரான்சிஸ் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் மட்டும் இன்னும் உள்ளே போகவில்லை.